உள்ளே வீடு, வெளியே வேகம்... இரண்டும் ஒரே படகில் கிடைக்குமா? பெரிய கேட்டமரான்கள் இயங்குவது எப்படி?

2019-ல் ஸ்வீடன் காலநிலை செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பெர்க் அட்லாண்டிக் பெருங்கடலை இரண்டு முறை கடந்தார். விமானத்தில் ஏற மாட்டேன் என்பதால், இரண்டு முறையும் பாய்மரப் படகுதான். ஆனால் இரண்டும் முற்றிலும் வேறு வேறு படகுகள்.

ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் இருந்து நியூயார்க்குக்கு அவரைக் கொண்டு போனது 'மலிசியா 2' என்ற 60 அடி பந்தயப் படகு. சுமார் 15 நாட்களில் கரை சேர்ந்தது. உள்ளே கழிப்பறை கிடையாது, பக்கெட்தான். சமையலறையும் கிடையாது. உலர் உணவுப் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான்.

திரும்பி வந்தது 'லா வகபாண்ட்' என்ற 48 அடி கேட்டமரானில். நவம்பர் 13-ம் தேதி அமெரிக்காவின் ஹாம்ப்டனில் இருந்து கிளம்பி, டிசம்பர் 3-ம் தேதி போர்ச்சுகலின் லிஸ்பன் வந்து சேர்ந்தார்கள். இதில் படுக்கையறை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. படகின் உரிமையாளர்களான ஆஸ்திரேலியத் தம்பதியின் 11 மாதக் குழந்தையும் கூடவே பயணம் செய்தது.

குளிர்காலத்து அட்லாண்டிக்கில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போகும் அளவுக்கு அந்தப் படகில் அப்படி என்ன இருக்கிறது? அவ்வளவு வசதி இருந்தால், எல்லாரும் ஏன் இதையே வாங்குவதில்லை? பார்க்கலாம்.

பெயர் நம்முடையது, வடிவம் பசிபிக்குடையது

கேட்டமரான் என்ற சொல் 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து போனது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கடற்கரையில் பார்த்த கட்டுமரங்களைப் பற்றி 17-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியிருக்கிறார்.

ஆனா, இங்கே ஒரு குழப்பம். நம்ம ஊர் கட்டுமரம் என்பது மரத்துண்டுகளை நெருக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிய மிதவை. நடுவில் இடைவெளி இருக்காது. இன்று உலகம் கேட்டமரான் என்று சொல்வது இரண்டு தனித்தனிப் படகுகளை இடைவெளி விட்டு இணைத்த வடிவத்தை. அந்த வடிவம் பாலினீசியத் தீவு மக்களுடையது. இரட்டைத் தோணிகளில்தான் அவர்கள் பசிபிக் பெருங்கடலைக் கடந்து தீவு தீவாகக் குடியேறினார்கள். இது முடியும் என்று காட்டுவதற்காகவே, 1976-ல் 'ஹோக்குலேயா' என்ற இரட்டைத் தோணி, நவீனக் கருவிகள் இல்லாமல் ஹவாயில் இருந்து தாஹிட்டி வரை போய்ச் சேர்ந்தது.

ஆக, பெயர் தமிழ்நாட்டிலிருந்தும், வடிவம் பாலினீசியாவிலிருந்தும் வந்தது.

உள்ளே என்ன இருக்கும்?

படகின் மிதக்கும் கூட்டுக்கு 'ஹல்' என்று பெயர். சாதாரணப் பாய்மரப் படகுக்கு ஒரு ஹல். கேட்டமரானுக்கு இரண்டு. இந்த இரண்டையும் மேலே ஒரு தளம் பாலம் மாதிரி இணைக்கும். வசதியின் ரகசியமே அந்தப் பாலத்தளம்தான்.

ஓர் உதாரணம். பிரான்ஸின் லகூன் நிறுவனம் தயாரித்த 'லகூன் 450' படகின் நீளம் கிட்டத்தட்ட 14 மீட்டர். அகலம் சுமார் 7.8 மீட்டர். மூன்று பேருந்துகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி நிறுத்தினால் வரும் அகலம் அது. இதே நீளமுள்ள ஒற்றை ஹல் படகின் அகலம் இதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

இந்த இடத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

• நடு ஹால்: பாலத்தளத்தின் மேல், கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடி. சோபாவில் உட்கார்ந்தபடியே நாலு பக்கமும் கடலைப் பார்க்கலாம். ஒற்றை ஹல் படகில் ஹாலுக்குப் போக ஏணிப்படி இறங்கி உள்ளே போகணும்.

• பின்திண்ணை: ஹாலுக்குப் பின்னால், அதே மட்டத்தில், மேலே கூரை போட்ட திறந்தவெளி. நடுவில் இருப்பது ஒரு கண்ணாடிக் கதவுதான். திறந்துவிட்டால் ஹாலும் திண்ணையும் ஒன்றாகிவிடும்.

• சமையலறை: இன்று பெரும்பாலும் ஹாலிலேயே இருக்கிறது. சமைப்பவர் தனியாகக் கீழே மாட்டிக்கொள்ளாமல் எல்லாரோடும் பேசிக்கொண்டே வேலை பார்க்கலாம். சில மாடல்களில் சமையலறையை ஹல்லுக்குள் இறக்கி, ஹாலைப் பெரிதாக்குகிறார்கள்.

• படுக்கையறைகள்: இரண்டு ஹல்களுக்குள்ளும் இருக்கின்றன. நடுவில் ஹால் இருப்பதால், இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. சில படகுகளில் ஒரு ஹல் முழுக்க உரிமையாளருக்கே. படுக்கை, மேசை, அலமாரி, குளியலறை எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

• முன்பக்க வலை: இரண்டு ஹல்களின் முனைகளுக்கு நடுவே கட்டியிருக்கும் வலை. படுத்துக்கொண்டு போட்டோ எடுக்க வசதியானதுதான். ஆனால் அதன் உண்மையான வேலை வேறு. முன்பக்கம் எடை ஏறாமல் இருக்கணும், மேலே ஏறும் அலை நீர் உடனே கீழே வடியணும். அங்கே கெட்டியான தளம் போட்டால் இரண்டும் நடக்காது.

• தட்டையான கூரை: சூரிய மின்தகடு வைக்க ஏற்ற இடம். சில மாடல்களில் கூரை மேலேயே ஓட்டுநர் இருக்கையும் அமைக்கிறார்கள். லகூன் 450-ல் அப்படி ஒரு வகை உண்டு.

வாடகைத் தொழிலும் இந்த அமைப்பைத் தீர்மானிக்கிறது. கிரீஸ், குரோஷியா, கரீபியன் தீவுகளில் நான்கு ஜோடிகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து ஒரு படகை வாரக் கணக்கில் எடுப்பது சகஜம். ஒருவருக்குப் பெரிய அறை, இன்னொருவருக்குச் சின்ன அறை என்றால் பணம் பிரிப்பதில் தகராறு வரும். அதனால்தான் வாடகைக்கு வரும் மாடல்களில் நான்கு அறைகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும், அறைக்கு ஒரு கழிப்பறையும் இருக்கும்.

டீ டம்ளர் ஏன் கவிழ்வதில்லை?

ஒற்றை ஹல் படகு நிமிர்ந்து நிற்பது அடியில் தொங்கும் கனமான எடையால். ஈயம் அல்லது இரும்பு. பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இது இருக்கும். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாயும். சாய்ந்த பிறகுதான் அடி எடை அதை இழுத்து நிறுத்தும். 20 டிகிரி சாய்வில் நாள் முழுக்க வாழ்வது அங்கே சாதாரணம். சமைப்பது, தூங்குவது, பாத்ரூம் போவது எல்லாமே சாய்ந்த தரையில்தான்.

கேட்டமரானில் அந்த எடையே கிடையாது. அகலம்தான் அதைத் தாங்குகிறது. காலை அகட்டி நிற்பவரைத் தள்ளுவது கஷ்டம் இல்லையா, அதே கணக்கு. அதனால் மேசை மேல் வைத்த டம்ளர் அநேகமாக அப்படியே நிற்கும். குழந்தை தரையில் தவழ முடியும்.

அதற்காக ஆட்டமே இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஒற்றை ஹல் படகு தொட்டில் மாதிரி மெதுவாக ஆடும். கேட்டமரானின் இரண்டு கால்களும் வேறு வேறு அலையில் நிற்பதால், வெடுக் வெடுக்கென்று குலுக்கும். சிலருக்கு முதல் வகை வாந்தி வரவைக்கும், சிலருக்கு இரண்டாவது.

வேகம் எங்கிருந்து வருகிறது?

எந்தப் படகு ஓடினாலும் அலை எழுப்பும். எடை கூடிய ஒற்றை ஹல் படகு, ஒரு கட்டத்துக்கு மேல் தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்ளும். அதைத் தாண்டி ஏறிப்போக அதற்குச் சக்தி போதாது. நீர்மட்டத்தில் 40 அடி நீளம் உள்ள படகுக்கு இந்த எல்லை சுமார் 8.5 நாட், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.)

ஹல் ஒல்லியாக இருந்தால் எழும் அலை சின்னது. கேட்டமரானின் ஹல்கள் கத்தி மாதிரி நீரைக் கிழித்துப் போவதால் அந்த எல்லை அவ்வளவாகக் கட்டிப்போடாது. அடியில் ஈயமும் இல்லாததால் எடையும் மிச்சம்.

இது போட்டியாளர்களை எரிச்சலூட்டிய வரலாறும் உண்டு. 1876-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெர்ஷாஃப், 'அமரிலிஸ்' என்ற கேட்டமரானை நியூயார்க் பந்தயத்தில் இறக்கினார். ஒற்றை ஹல் படகுகளை அது பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் புகார் செய்ய, தகுதி நீக்கம்தான் பரிசாகக் கிடைத்தது. 1988 அமெரிக்கா கோப்பைப் போட்டியில், நியூசிலாந்தின் ராட்சத ஒற்றை ஹல் படகுக்கு எதிராக அமெரிக்க அணி கேட்டமரானைக் கொண்டுவந்து 2-0 என்று ஜெயித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1993-ல் 80 நாட்களுக்குள் பாய்மரத்தில் உலகைச் சுற்றி முதல் சாதனை படைத்ததும், புரூனோ பெய்ரான் ஓட்டிய கேட்டமரான்தான்.

அப்போ எல்லாக் கேட்டமரானும் வேகமா போகுமா?

இல்லை. இங்கதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

லகூன் 450-ன் எடை சுமார் 15 டன். கிரெட்டா பயணம் செய்த லா வகபாண்ட், பிரான்ஸின் அவுட்ரிமேர் நிறுவனத்தின் 'அவுட்ரிமேர் 45' வகை. நீளம் லகூனை விடக் கொஞ்சம் அதிகம். ஆனால் சாமான் ஏற்றாத நிலையில் அதன் எடை 9 டன்னுக்குள்தான்.

ஏறக்குறைய ஒரே நீளம், எடையிலோ ஆறு டன் வித்தியாசம். அந்த ஆறு டன்னில்தான் இரண்டு படகுகளின் குணமும் இருக்கிறது. லகூனில் அகலமான ஹல், பெரிய அறைகள், உயரமான கூரை. அவுட்ரிமேரில் ஒல்லியான ஹல், சின்ன அறைகள், கச்சிதமான ஹால். முதலாவது தங்குவதற்கு வசதி. இரண்டாவது, காற்று லேசாக இருக்கும்போதும் எஞ்சினைத் தொடாமல் நகரும்.

வாங்கிய பிறகும் இந்தக் கணக்கு முடிவதில்லை. இடம் தாராளமாக இருப்பதால் ஆட்கள் நிரப்பிக்கொண்டே போவார்கள். ஏசி, அதற்கு ஜெனரேட்டர், அதற்கு டீசல், வாஷிங் மெஷின், உப்பு நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், மூச்சு சிலிண்டர், சைக்கிள். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் 1 டன். எடை ஏற ஏற ஒல்லியான ஹல் நீரில் அமிழும், உராய்வு கூடும், வேகம் குறையும். ஒற்றை ஹல் படகு கூடுதல் சுமையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேட்டமரான் அந்த அளவுக்குப் பொறுக்காது.

அதனால், கடல் கடந்து போகிறவர்கள் குடிநீரை மொத்தமாக ஏற்றுவதற்குப் பதில் குடிநீர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு தினமும் கொஞ்சம் தயாரிப்பது உண்டு. மின்சாரத்துக்கும் அதே வழி. லா வகபாண்டில் சூரிய மின்தகடுகளோடு, படகு ஓடும் வேகத்தில் நீரே சுழற்றும் சிறு மின் உற்பத்திக் கருவிகளும் இருந்தன.

தரைக்கு அடியில் அந்த 'டமார்' சத்தம் என்ன?

எடை கூடினால் வேகம் மட்டும் போவதில்லை. பாலத்தளத்துக்கும் கடலுக்கும் இடையே உள்ள இடைவெளியும் குறையும். எதிர்க்காற்றில் போகும்போது, இரண்டு ஹல்களுக்கும் நடுவே புகும் அலை மேலே எழும்பித் தளத்தின் அடியில் அறையும். சாப்பாட்டு மேசைக்குக் கீழே யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருக்கும். மேசையே துள்ளும். ராத்திரி தூக்கம் போய்விடும். அதனால், படகு பார்க்கப் போகும் அனுபவசாலிகள் உள்ளே இருக்கும் சோபாவைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இடைவெளியைத்தான் பார்ப்பார்கள்.

எதிர்க்காற்று இன்னொரு பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கும். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது, குறுக்கும் நெடுக்குமாகத்தான் ஏற வேண்டும். அப்போது பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்கடியில் ஒரு பிடிமானம் தேவை. லகூன் மாதிரி படகுகளில் அதற்குக் குட்டையான, நிலையான அடிக்கட்டை இருக்கும். ஆழமற்ற இடத்தில் பயமில்லை, பராமரிப்பு குறைவு, ஆனால் பிடிமானமும் குறைவு. அவுட்ரிமேர் மாதிரி படகுகளில் ஏற்றி இறக்கும் ஆழமான பலகைகள் உண்டு. இறக்கினால் நன்றாக ஏறும். ஆனால் அந்தப் பலகைக்கான பெட்டி ஹல்லுக்குள் இடத்தை அடைக்கும், தரை தட்டினால் சேதம் ஆகலாம்.

இவ்வளவு அகலம் இருக்கே... கவிழவே கவிழாதா?

கவிழும். அபூர்வமாகத்தான். ஆனால் கவிழ்ந்தால் திரும்ப நிமிராது.

ஒற்றை ஹல் படகு முழுக்கப் புரண்டாலும், அடியில் உள்ள எடை அதைத் திரும்பத் தூக்கி நிறுத்த வாய்ப்பு அதிகம். கேட்டமரானை அப்படி இழுக்க அடியில் எடை இல்லை. நிமிர்ந்து நிற்கும்போது எவ்வளவு உறுதியோ, தலைகீழாகவும் அவ்வளவு உறுதியாக மிதக்கும். அதனால் பல கேட்டமரான்களின் ஹல்லில் அவசரக் கதவு வைக்கிறார்கள். படகு புரண்டால் உள்ளே இருப்பவர்கள் அது வழியாக வெளியே வரலாம். ஆறுதலான விஷயம், ஈயம் இல்லாததால் பல கேட்டமரான்கள் தலைகீழானாலும் மூழ்காமல் மிதக்கும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒற்றை ஹல் படகில் காற்று கூடினால் படகே சாய்ந்து சொல்லிவிடும். பாத்திரம் உருளும், ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள், பாயைச் சுருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரியும். கேட்டமரானில் அந்த எச்சரிக்கை கிடையாது. ஹாலில் சோபா, கையில் காபி, எல்லாம் அமைதி. வெளியே பாயின் மேல் சுமை ஏறிக்கொண்டே இருக்கும்.

கணக்கு என்னவென்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 15 நாட் காற்று 30 நாட் ஆனால் சுமை நான்கு மடங்கு.

பின்காற்றில் இது இன்னும் ஏமாற்றும். பைக்கில் போகும்போது காற்றும் பின்னாலிருந்து அடித்தால் முகத்தில் காற்றே தெரியாது இல்லையா? அதேதான். 20 நாட் பின்காற்றில் 8 நாட் வேகத்தில் ஓடும் படகில் உணர்வது 12 நாட் காற்று மட்டுமே. சுகமாக இருக்கும். யாராவது கடலில் விழுந்துவிட்டார் என்று படகைச் சட்டெனக் காற்றை நோக்கித் திருப்பினால், அதே காற்று 25 நாட் அளவுக்கு அடிக்கும். பாயின் மேல் சுமை ஒரே நிமிடத்தில் நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

அதனால் கேட்டமரான் ஓட்டுபவர்கள் உடல் உணர்வை நம்புவதில்லை, எண்ணை நம்புகிறார்கள். எத்தனை நாட் காற்றில் பாயை எந்த அளவு சுருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் தயாரிப்பாளர் அட்டவணை தருகிறார். அதில் அவர்கள் கடைப்பிடிக்கும் மூன்று பழக்கங்கள் இவை:

• சராசரிக் காற்றை வைத்து முடிவு செய்யாமல், இடையிடையே வரும் பலமான வீச்சை வைத்து முடிவு செய்வது.

• பின்காற்றில் போகும்போது, திரும்பினால் எவ்வளவு அடிக்கும் என்பதையும் கணக்கில் எடுப்பது.

• இருட்டுவதற்கு முன்பே பாயைக் குறைத்துவிடுவது. தூங்கும் குடும்பத்துக்காக ஒரு நாட் வேகம் போனால் பரவாயில்லை என்பதுதான் கணக்கு.

கரைக்கு வந்தால் லாபமா, நஷ்டமா?

இரண்டும் உண்டு. லகூன் 450 மிதக்க 1.3 மீட்டர் ஆழம் போதும். ஒற்றை ஹல் படகுகள் பல இரண்டு மீட்டர் கேட்கும். அவை நெருங்க முடியாத ஆழமற்ற விரிகுடாக்களில் கேட்டமரான் நங்கூரம் போடலாம். அலை வந்தாலும் தொட்டில் மாதிரி ஆடாமல் நிற்கும். ஹல்லுக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள், நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் இயக்கினால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஒன்று பழுதானால் மற்றது இருக்கிறது.

ஆனா எஞ்சின் இரண்டு என்றால் சர்வீஸும் இரண்டு. அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடிக்க இரண்டு ஹல். படகுத் துறையில் இரண்டு படகின் இடத்தை அடைப்பதால் பல இடங்களில் வாடகையும் கூடுதல். பழுது பார்க்கக் கரையேற்ற வேண்டுமென்றால், ஏழு எட்டு மீட்டர் அகலத்தைத் தூக்கும் பளுதூக்கி எல்லாத் துறைமுகத்திலும் இருக்காது. வாங்கும்போதே, அதே நீளமுள்ள ஒற்றை ஹல் படகை விட விலை கணிசமாக அதிகம்.

சுருக்கமாக...

யாருக்கு எது? தீவுகளுக்கு நடுவே சுற்றி, ராத்திரி நங்கூரம் போட்டுத் தூங்குபவர்களுக்கு அகலமான, வசதியான வகை போதும். பெருங்கடலைத் திரும்பத் திரும்பக் கடப்பவர்களுக்கு ஒல்லியான, எடை குறைந்த வகை.

இரண்டும் ஒரே படகில் கிடைக்காதா? கார்பன் ஃபைபரில் செய்த படகுகளில் ஓரளவு கிடைக்கும். விலைதான் எங்கோ போய்விடும்.

படகு பார்க்கப் போனால் என்ன கேட்கணும்? எத்தனை படுக்கை என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு எடை எவ்வளவு, அப்போது பாலத்தளம் நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது.

குழந்தையோடு கடல் கடக்கலாமா? லா வகபாண்ட் கடந்தது. ஆனால் அந்தப் பயணத்துக்கென்றே பிரிட்டனைச் சேர்ந்த தொழில்முறை மாலுமி நிக்கி ஹெண்டர்சனையும் வரவழைத்துக்கொண்டார்கள். படகு எவ்வளவு வசதியாக இருந்தாலும், காற்று காட்டும் எண்ணைப் பார்த்து நேரத்தோடு பாயைச் சுருக்க, ராத்திரி பகலாக யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்.